சுண்ணச்சாந்தும் சீமெந்தும்: குளிர்நாட்டுச் செங்கல் வீடுகள் பழுதுபார்க்கப்பட்ட வரலாறு

கட்டடக்கலை வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கட்டியோரைப் பற்றியே எழுதியுள்ளனர். பழுதுபார்த்தோரைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. ஆயின், முந்நூறு ஆண்டு நிலைத்து நிற்கும் ஒரு செங்கற் சுவரின் மூட்டுகள் அக்காலத்துள் ஒருமுறையல்ல, பலமுறை கெல்லி எடுக்கப்பட்டு மீண்டும் நிரப்பப்பட்டிருக்கும். ஆகவே இன்று நாம் பழைய வீடு எனக் காண்பது அதனைக் கட்டிய கொத்தனின் படைப்பாயிருப்பதுபோலவே, பெயரறியாத பல பழுதுபார்ப்போரின் படைப்புமாகும். பிரித்தானியாவிலும் வட அமெரிக்காவின் கீழைக்கரை நகரங்களிலும் இப்பழுதுபார்ப்புத் தொழில் பதினேழாம் நூற்றாண்டு முதல் அடைந்த மாற்றங்கள், தொழில்நுட்ப வரலாற்றுக்கு மட்டுமன்றிச் சமூக வரலாற்றுக்கும் உரிய பொருளாக அமைகின்றன. வலிமை மிகுந்த ஒரு பொருள், தான் காக்க வந்த சுவரையே அழித்த கதை இது.

இங்கிலாந்தில் செங்கல் வீடு பெருவழக்காதற்குத் தீ ஒரு முக்கிய காரணமாயிற்று. 1666 செப்தெம்பரில் இலண்டன் மாநகரில் மூண்ட பெருந்தீ ஏறத்தாழ 13,200 வீடுகளையும் 87 ஆலயங்களையும் எரித்தது. அடுத்த ஆண்டிலே இயற்றப்பட்ட மீள்கட்டுமானச் சட்டம், நகரின் புதிய வீடுகளின் புறச்சுவர்கள் செங்கல்லாலோ கருங்கல்லாலோ அமைதல் வேண்டுமென விதித்ததோடு, வீடுகளை நான்கு தரங்களாக வகுத்து ஒவ்வொன்றுக்கும் சுவரின் கனத்தையும் வரையறுத்தது. மரவீடுகளின் நகரம் ஒரு தலைமுறைக்குள் செங்கல் நகராக மாறிற்று. அட்லாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால் குடியேறிய ஆங்கிலேயரும் அதே பழக்கத்தைத் தம்முடன் கொண்டு சென்றனர். பிலடெல்பியாவின் எல்பிறெத் ஒழுங்கையிலும் பொஸ்ரனின் பீக்கன் குன்றிலும் இன்றும் நிற்கும் செங்கல் வீட்டு வரிசைகள் அப்பழக்கத்தின் எச்சங்களே. ஆனால் இலண்டனின் மாரிக்கும் பொஸ்ரனின் மாரிக்கும் பெரும் வேறுபாடு உண்டு. இவ்வேறுபாடு பின்னர் நிகழ்ந்தவற்றில் கணிசமான பங்கு வகித்தது.

அக்காலத்துச் செங்கல் இன்றைய ஆலைச் செங்கல் போன்றதன்று. கையால் அச்சிலிட்டு, வெயிலில் உலர்த்தி, விறகாலோ நிலக்கரியாலோ எரியூட்டப்பட்ட சூளையில் சுடப்பட்டது. சூளையினுள் வெப்பம் எங்கும் ஒரே அளவாயிருக்கவில்லை. நெருப்பின் அருகே இருந்த கற்கள் கருகி இறுகின. தொலைவில் இருந்தவை வெளிறிய நிறத்தோடு மென்மையாகவே வெளிவந்தன. நல்ல கொத்தன் இறுகிய கற்களை மழையும் பனியும் படும் புறமுகத்துக்கும் மென்மையானவற்றை உட்சுவருக்கும் தெரிந்தெடுத்தான். நன்கு வெந்த கல்லிலும் புறத்தோலே உறுதி மிக்கது. உட்பகுதி நுண்டுளைகள் நிறைந்து நீரை உறிஞ்சும் தன்மையது. இத்தோல் ஒருமுறை உரிந்துவிட்டால் அக்கல்லின் ஆயுள் விரைவில் முடியும். பழுதுபார்ப்பின் வரலாறு முழுவதற்கும் இச்சிறு உண்மையே திறவுகோலாகும்.

(செங்கல்லின் அளவும் பழுதுபார்ப்போனுக்கு ஒரு தொல்லையே. அமெரிக்கப் போரின் செலவை ஈடுசெய்ய 1784 இல் பிரித்தானிய அரசு ஆயிரம் கல்லுக்கு இரண்டரைச் சிலிங் வீதம் வரி விதித்தது. வரி எண்ணிக்கையின் மீதாதலால் உற்பத்தியாளர் கல்லைப் பெரிதாக்கினர். 1803 இல் அரசு பெருங்கல்லுக்கு இரட்டை வரி விதித்தது. 1850 இல் வரி நீக்கப்பட்டபோது பல்வேறு அளவுகளிற் கட்டப்பட்ட வீடுகள் நாடெங்கும் நின்றன. ஒரு கல் உடைந்தால் அதற்கு ஒத்த கல்லைத் தேடும் பிற்காலத்தவர், அரசிறை அதிகாரிகளின் பழைய கணக்கின் விளைவையே எதிர்கொள்கின்றனர்.)

இக்கற்களைப் பிணைத்தது சுண்ணச்சாந்து. சுண்ணக்கல்லை ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் சுட்டால் கரியமிலவாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். அதனை நீரிலிட்டு நீற்றினால் கொதித்துப் பொங்கி, நாம் வெற்றிலையிற் பூசும் அதே நீற்றிய சுண்ணாம்பாகும். மணலோடு குழைத்துச் சுவரில் இட்டபின், அது காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டு மீண்டும் சுண்ணக்கல்லாகவே மாறுகின்றது. கல் நீறாகி, நீறு மறுபடியும் கல்லாகும் இச்சுழற்சியை உரோமர் அனுபவத்தால் நன்கறிந்திருந்தனர். விற்றூவியசு தம் கட்டடக்கலை நூலில் குழிமணலாயின் மூன்று பங்குக்கும் ஆற்றுமணலாயின் இரண்டு பங்குக்கும் ஒரு பங்கு சுண்ணாம்பு சேர்க்குமாறு கூறுகின்றார். இச்சாந்து இறுகுவதற்கு வாரங்களும் மாதங்களும் வேண்டும். முழுமையாக இறுகியபின்னும் செங்கல்லினும் மென்மையாகவே இருக்கும். அம்மென்மையைப் பிற்காலத்தோர் குறையெனக் கொண்டனர்.

நீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு பெருகுகின்றது. நீர் நிறைந்த நுண்டுளை ஒன்றினுள் இப்பெருக்கம் நிகழுமாயின் துளையின் சுவர் வெடிக்கும். உறைந்து, உருகி, மீண்டும் உறையும் ஒவ்வொரு சுற்றிலும் வெடிப்பு சிறிது விரிகின்றது. ஆகவே சுவருக்குத் தீங்கு செய்வது குளிரின் கடுமை மட்டுமன்று; வெப்பநிலை உறைநிலையைக் கடந்து மேலுங்கீழும் எத்தனைமுறை ஊசலாடுகின்றது என்பதே பெரிதும் கவனிக்கற்பாலது. மாரி முழுவதும் உறைந்தே கிடக்கும் வடபுலத்தைவிட, பகலில் உருகி இரவில் உறையும் நகரங்களிலே சுவர்கள் விரைவிற் சிதைவது இதனாலேயாம். இரு பக்கமும் காற்றுக்கும் மழைக்கும் திறந்து நிற்கும் புகைபோக்கியும் கூரைக்கு மேலெழும் கைப்பிடிச்சுவரும் முதலில் பழுதுறுவதும் இதன் விளைவே.

சுண்ணச்சாந்து மூட்டுகளைக் கொண்ட சுவரில் நீர் புகாமலில்லை. புகுந்த நீர் மூட்டுகளின் வழியே ஆவியாகி வெளியேறிற்று. உறைபனியும் கரைந்த உப்பும் தம் வேலையைக் காட்டுமிடத்து மூட்டே உதிர்ந்தது, கல் தப்பியது. உதிர்ந்த மூட்டை ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கொருமுறை நிரப்புவது வீட்டுக்காரனுக்குச் சிறு செலவு. கல்லை மாற்றுவதோ பெருஞ்செலவு. நிலம் சிறிது அமிழ்ந்து சுவர் அசையும்போதும் மென்மையான சாந்து அவ்வசைவுக்கு இடங்கொடுத்தது. நுண்ணிய வெடிப்புகளில் மழைநீர் கரைத்துக் கொணர்ந்த சுண்ணம் படிந்து அவற்றைத் தானே மூடியதும் உண்டு. மூட்டு கல்லுக்காகத் தன்னை இழக்கும் இவ்வொழுங்கை எவரும் கோட்பாடாக வகுத்தாரல்லர். அது பொருளின் இயல்பிலேயே அமைந்திருந்தது. கோட்பாடாக எழுதப்படாமையாலேயே பின்னர் எளிதில் மறக்கவும்பட்டது.

மாரியும் இத்தொழிலின் காலக்கணக்கை நிர்ணயித்தது. இறுகாத சுண்ணச்சாந்தில் உறைபனி பட்டால் அது பொடியாகிவிடும். ஆதலின் இடைக்கால இங்கிலாந்தில் பனிக்காலம் நெருங்கியதும் முடியாத சுவர்களின் தலையை வைக்கோலாலும் சாணத்தாலும் மூடி, இளவேனில் வரும்வரை வேலையை நிறுத்தினர். அதற்கான செலவுகள் கட்டடக் கணக்கேடுகளிற் பதிவாகியுள்ளன. கொத்தர்களுக்கு இது கூலியற்ற காலம். பத்தொன்பதாம் நூற்றாண்டு இலண்டனிலும் கட்டடத் தொழிலாளர் மாரியில் வேலையின்றி வாடுவது ஆண்டுதோறும் நிகழ்ந்த ஒன்றாகும். சீமெந்தின் வெற்றியை ஆராய்வோர் இதனை மறத்தலாகாது.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மூட்டு நிரப்பும் வேலை ஓர் அலங்காரக் கலையாகவும் வளர்ந்தது. ஒழுங்கற்ற மலிவான கற்களால் கட்டிய சுவரின் மூட்டுகளைச் செங்கல் நிறச் சாந்தால் கல்லோடு மட்டமாக நிரப்பி, அதன் நடுவே வெண்சுண்ணக் குழம்பால் மெல்லிய நேர்கோடு ஒன்று பதிப்பர். தொலைவிலிருந்து பார்ப்போனுக்கு உயர்தரக் கற்கள் மிக நெருங்கி அடுக்கப்பட்டிருப்பது போலத் தோன்றும். இது கண்ணை ஏமாற்றும் வேலைதான்; ஆயினும் கல்லுக்குத் தீங்கு செய்யாத ஏமாற்று.

மாற்றம் கடலிலிருந்து வந்தது. பிளிமத்துக்கு அப்பாலுள்ள எடிஸ்ரன் பாறையில் வெளிச்சவீடு ஒன்றைக் கட்டும் பொறுப்பு 1756 இல் யோன் சிமீற்றன் என்னும் பொறியியலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அலை அடிக்கும் பாறையில் நீருக்குள்ளும் இறுகும் சாந்து வேண்டியிருந்தது. பலவகைச் சுண்ணக்கற்களைச் சோதித்த அவர், களிமண் கலந்த சுண்ணக்கல்லே நீரில் இறுகும் சுண்ணாம்பைத் தருகின்றது எனக் கண்டார். வேல்சின் அபர்தோவிலிருந்து பெற்ற சுண்ணாம்பும் இத்தாலியிலிருந்து வந்த எரிமலை மண்ணும் சேர்ந்த சாந்தால் 1759 இல் கோபுரம் முடிந்தது. 1882 இல் அதற்குப் பதிலாகப் புதிய கோபுரம் எழுப்பப்பட்டபோதும், காரணம் கீழிருந்த பாறை அரிப்புண்டமையே. சாந்து தன் கடமையிற் தவறவில்லை.

இதன் பின்னர் கண்டுபிடிப்புகள் விரைந்தன. 1796 இல் யேம்ஸ் பாக்கர், களிமண் கலந்த சுண்ணக்கல் உருண்டைகளைச் சுட்டு நிமிடங்களில் இறுகும் பொருளொன்றைச் செய்து அதற்கு உரோமன் சீமெந்து எனப் பெயரிட்டு உரிமம் பெற்றார். 1824 ஒற்றோபரில் லீட்ஸ் நகரத்துக் கொத்தர் யோசப் அஸ்ப்டின், தம் செயற்கைப் பொருள் போட்லன்ட் என்னுமிடத்துக் கட்டடக்கல்லை ஒத்திருப்பதாகக் கூறி, போட்லன்ட் சீமெந்துக்கு உரிமம் பெற்றார். அவருடைய பொருள் இன்றைய சீமெந்தன்று. 1840களில் அவர் மகன் வில்லியமும் ஐசாக் யோன்சனும் மிகு வெப்பத்திற் கலவையைச் சுட்டபோதே இன்றைய வடிவத்துக்கு அடிகோலப்பட்டது. அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்து ரோசன்டேல் பகுதியின் இயற்கைச் சீமெந்து நெடுங்காலம் கோலோச்சிற்று. 1883 இல் திறக்கப்பட்ட புறூக்ளின் பாலத்திலும் அது பயன்பட்டது. பென்சில்வேனியாவில் டேவிட் செய்லர் 1871 இல் போட்லன்ட் சீமெந்துக்கு உரிமம் பெற்றதும், நூற்றாண்டின் முடிவில் சுழலும் சூளை பரவியதும் நிலைமையை மாற்றின. இவை யாவும் கலங்கரை விளக்கம், கால்வாய், துறைமுகம், பாலம் ஆகியவற்றின் தேவைகளினின்று பிறந்தவை என்பது மனங்கொள்ளத்தக்கது. வீட்டுச் சுவரின் தேவையைக் கருதி எவரும் சீமெந்தைக் கண்டுபிடிக்கவில்லை.

அவ்வாறாயின் அது வீட்டுச் சுவருக்கு எவ்வாறு வந்தது? அறியாமையே காரணம் எனப் பிற்காலத்துப் பாதுகாப்பு நிபுணர் சிலர் கூறுவதுண்டு. அது முழு உண்மையன்று. சுண்ணாம்பை நீற்றிக் குழியிலிட்டுப் பதப்படுத்த வாரங்களும் மாதங்களும் வேண்டும். சீமெந்து மூடையிலிருந்து நேரே கலவைத் தட்டுக்கு வந்தது. சுண்ணாம்பின் தரம் சூளைக்குச் சூளை வேறுபட்டது. சீமெந்துக்கு ஆலையின் உத்தரவாதம் இருந்தது. சுண்ணச்சாந்தைக் கையாளப் பல்லாண்டுப் பயிற்சி தேவை; சீமெந்துச் சாந்தை அரைகுறைப் பயிற்சியுடையோனும் பூசலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருசில நாள்களில் இறுகும் சீமெந்து, பனி விழுமுன்னும் பனிவிட்ட இடைவெளிகளிலும் வேலைசெய்ய இடந்தந்தது. ஒப்பந்தக்காரனுக்கு அது முதலின் விரைவான சுழற்சி. கூலிக் கொத்தனுக்கு அது மாரியிற் சில வாரக் கூலி. பொறியியற் கல்வியும் அமுக்கவலிமையையே தரத்தின் அளவுகோலாக்கிற்று. மூடைச் சோதனையில் உயர்ந்த எண் பெற்ற பொருளே சிறந்த பொருள் எனப்பட்டது. நீராவியை வெளிவிடும் தன்மையை அளக்க எவரும் முற்படவில்லை. ஆகவே இவ்வரலாற்றைக் கொத்தனின் மடமைக் கதையாக எழுதுவது நியாயமாகாது.

விளைவு சுவரில் தெரிந்தது. மென்மையான பழைய கற்களின் மூட்டுகளைச் சீமெந்துச் சாந்தால் நிரப்பியபோது சுவரின் ஒழுங்கே தலைகீழாயிற்று. மூட்டு அடைபட்டதால் உட்புகுந்த நீர் கல்லின் முகத்தினூடாகவே வெளியேற வேண்டியதாயிற்று; பனிக்காலத்தில் அது கல்லின் தோலுக்குப் பின்னாலேயே உறைந்தது. வெயிலில் விரியும் கல்லுக்கு இறுகிய மூட்டு இடங்கொடாமையால் கல்லின் விளிம்புகளும் உடைந்தன. சில பத்தாண்டுகளில் கற்களின் முகங்கள் தகடுதகடாய் உரிந்து உள்வாங்க, சீமெந்து மூட்டுகள் மட்டும் தேன்கூட்டின் அறைச்சுவர்போல முன்னே துருத்தி நின்றன. பிரித்தானிய நகரங்களிலும் வட அமெரிக்க நகரங்களிலும் பழைய வீதிகளில் இக்காட்சியை இன்றும் காணலாம். வீட்டுக்காரர் அதைக் கண்டு கல்லையே குறைகூறினர். மேலும் கடினமான சாந்தைப் பூசினர்.

பழங்கட்டடங்களைக் காக்கும் இயக்கம் இதனை உடனே உணர்ந்தது எனக் கூறவியலாது. யோன் றஸ்கின் 1849 இல் வெளியிட்ட தம் நூலில், பழையதை மீட்டமைத்தல் என்பது பொய்யே என வாதிட்டார். 1877 இல் வில்லியம் மொறிஸ் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தோற்றுவித்து, மீட்டமைத்தலை விடுத்து இடையறாப் பராமரிப்பை மேற்கொள்ளுமாறு அறைகூவினார். அவருடைய சொந்த இல்லமான சிவப்பு மனை, பிலிப் வெப் என்பார் வடிவமைக்க 1860 இல் முடிவுற்ற செங்கல் வீடு என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. எனினும் அச்சங்கத்தின் முதற்றலைமுறைக் கட்டடக்கலைஞர் தோற்றத்தில் நேர்மையை வற்புறுத்தியவர்களே தவிர, சீமெந்தை விலக்கியவர்களல்லர். பழையதைப் போலி செய்யாத புதிய பொருள் என்பதனால் அது அவர்களுடைய அறவுணர்வுக்கும் உகந்ததாகவே தோன்றிற்று. கட்டடத்தின் உண்மையைப் பற்றி இவ்வளவு சிந்தித்தோர், சாந்தின் நுண்டுளையைப் பற்றிச் சிந்திக்காமற் போனமை இவ்வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சாந்து முற்றிலும் ஆலைப்பொருளாயிற்று. பொருட்சோதனைக்கான அமெரிக்கச் சங்கம் 1954 இல் சாந்துவகைகளுக்கு எம், எஸ், என், ஓ, கே எனப் பெயரிட்டது. கொத்துவேலையைக் குறிக்கும் 'மேசன் வேர்க்' என்னும் ஆங்கிலத் தொடரின் எழுத்துகளுள் ஒன்றுவிட்டொன்றை எடுத்தால் இவ்வரிசை கிடைக்கும். மேசன் என்ற சொல்லை அன்றாடம் வழங்கும் நம் நாட்டவர்க்கு இது நினைவிற்கொள்ள எளிது. எம் வகையின் அமுக்கவலிமை சதுர அங்குலத்துக்கு 2,500 இறாத்தல்; ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு சுண்ணாம்பு கொண்ட கே வகைக்கோ 75 மட்டுமே. பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு முற்பட்ட சுவருக்குப் பொருத்தமானது பட்டியலின் கடைசியில், தாழ்ந்த எண்ணோடு நின்றது. முதலெழுத்தை நோக்கியே பலரின் கை சென்றது. இதே காலத்தில் வேறு மூன்று தீங்குகளும் சேர்ந்தன. உட்புறம் வெப்பக்காப்பு இடப்பட்ட வீடுகளில் புறச்சுவர் முன்னிலும் குளிர்ந்து ஈரம் உலராது நின்றது. புகைபடிந்த சுவர்களைத் தூய்மையாக்க, 1870 இல் பிலடெல்பியாவின் ரில்மன் உரிமம் பெற்ற மணல்வீச்சு முறை பயன்படுத்தப்பட்டது. அழுக்கோடு கல்லின் சுட்ட தோலும் போயிற்று. தோல் போன கல்லுக்கு நீர்புகாப் பூச்சு பூசப்பட்டது. அது உள்ளிருந்த ஈரத்தைச் சிறைவைத்தது. ஒரு பிழையை மறைக்க மற்றொன்று.

மறுமலர்ச்சி ஏறத்தாழ ஒரே காலத்தில் இரு நாடுகளிலும் தோன்றியது. இங்கிலாந்தில் வெல்ஸ் பேராலயத்தின் மேற்குமுகச் சிற்பங்களை 1974 முதல் பழுதுபார்த்த றொபேட் பேக்கர், சுண்ணாம்பை மட்டும் கொண்டு சுண்ணக்கல்லைக் காக்கலாமெனச் செய்துகாட்டினார். அது கற்சிற்பம் பற்றியதாயினும், வழக்கொழிந்த சுண்ணத்தொழிலைச் செங்கல் வீட்டுக்காரரும் மீளக் கற்பதற்கு அவ்வேலை தூண்டுகோலாயிற்று. அமெரிக்காவில் 1966 இன் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, தேசியப் பூங்காச் சேவை பொதுமக்களுக்கான குறிப்புரைகளை வெளியிடத் தொடங்கியது. செங்கற் கட்டடங்களின் மூட்டுகளை மீளநிரப்புதல் பற்றி றொபேட் மக் எழுதிய இரண்டாவது குறிப்புரை 1976 இல் வந்தது. மணல்வீச்சின் கேடுகளை விளக்கிய ஆறாவது 1979 இல் வந்தது. புதிய சாந்து சுற்றியுள்ள கல்லினும் மென்மையானதாகவும், நீராவியை அதனினும் எளிதில் விடுவதாகவும் இருத்தல் வேண்டும் என்னும் விதி இவ்வாறு அச்சேறியது. சிமீற்றனுக்கு முற்பட்ட கொத்தன் அறியாமலே கடைப்பிடித்ததை, இருநூறு ஆண்டுகளின் பின் அரசாங்கத் திணைக்களமொன்று எழுத்தில் வகுத்தது.

அக்குறிப்புரைகள் வகுத்த முறை பழைய கைவேலையையே பெரிதும் ஒத்தது. பழுதான மூட்டை அதன் அகலத்தின் இரண்டு அல்லது இரண்டரை மடங்கு ஆழத்துக்குக் கெல்லி, பொடி நீக்கி, சுவரை நனைத்தல் வேண்டும். காய்ந்த கல் புதுச்சாந்தின் நீரை உறிஞ்சி அதனைப் பொடியாக்கிவிடும். கால் அங்குலக் கனமான படைகளாகச் சாந்தை இட்டு, ஒன்று விரற்பதிவுக்கு இறுகியபின் அடுத்ததை இடுவர். வெப்பநிலை பரனைற்று 40 பாகைக்குக் கீழும் 95 பாகைக்கு மேலும் இருக்கும்போது வேலை செய்தலாகாது. அஃதாவது, சீமெந்து விலக்கி வைத்த மாரிக்கால ஓய்வு மீண்டும் வந்தது. முகம் உரிந்த கற்களை மெல்லப் பெயர்த்து, பின்புறம் பழுதின்றியிருப்பின் அதனை வெளியே திருப்பி வைக்கும் பழக்கமும் உண்டு.

எஞ்சியிருக்கும் சிக்கல் முந்திய தலைமுறையின் சீமெந்தை என்செய்வது என்பதே. மென்கல்லோடு இறுகப் பற்றிய சீமெந்தை உளிகொண்டு பெயர்த்தால் கல்லின் விளிம்பும் உடன் உடைகின்றது. சுழலும் வெட்டுச்சில்லை மெல்லிய மூட்டில் ஓட்டினால் செங்குத்து மூட்டுகளின் முடிவில் மேலும் கீழுமுள்ள கற்கள் வெட்டுப்படுகின்றன. இதனால் அனுபவமிக்க கொத்தர் பலர், கல்லை விட்டுத் தானே கழன்ற சீமெந்தை மட்டும் எடுத்துச் சுண்ணச்சாந்து இட்டு, இறுகப் பற்றிய ஏனையவற்றை அவையும் கழலும்வரை தொடாது விடுகின்றனர். ஆகவே பழைய வீதிகளில் ஒரே சுவரில் துருத்திய சாம்பல்நிறச் சீமெந்து மூட்டும் அதனருகே புதிய வெண்சுண்ண மூட்டும் அடுத்தடுத்துக் காணப்படுகின்றன.